மயக்க அறை வரைக்கும் ஒருத்தர்

வாண்டுவின் இதயம் செய்ய வேண்டிய வேலையை, அவள் வயிற்றின் மேல் கிடந்த ஒரு கண்ணாடிக் கிண்ணம் செய்துகொண்டிருந்தது. கிண்ணம் என்றால் பெரிதொன்றும் இல்லை. உள்ளே ஒரு எலுமிச்சம்பழம் வைக்கலாம், அவ்வளவுதான். விலா எலும்புக்குக் கீழே தோலைத் துளைத்துக்கொண்டு வந்த இரண்டு குழாய்கள் அதில் வந்து சேர்ந்தன. ஒன்றின் வழியாக இரத்தம் வரும், மற்றதன் வழியாகத் திரும்பிப் போகும். அதை உந்தித் தள்ளுவது காற்று. காற்றை அனுப்புவது கட்டிலுக்குப் பக்கத்தில் சக்கரம் வைத்து நின்ற, சின்ன ஃபிரிட்ஜ் உயரத்து இயந்திரம். டப், டப், டப் என்று அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருக்கும். வாண்டு தூங்கினாலும் அடிக்கும், அழுதாலும் அடிக்கும்.

அந்த இயந்திரத்துக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது அத்தை.

"பின்ன என்ன? லேசா ஒரு சத்தம் குடுத்தா வார்டே எழுந்து ஓடிவருது. எங்க போனாலும் நாமதான் தள்ளிக்கிட்டுப் போகணும். ப்ளக் மாத்த ரெண்டு நிமிஷம் லேட்டானா மூஞ்சி செவந்துருது. மாப்பிள்ளை இல்லாம வேற யாரு?"

நர்ஸ்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து வார்டில் எல்லோருக்கும் அது மாப்பிள்ளைதான். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிற பம்புக்காரர்கூட, "மாப்பிள்ளை இன்னிக்கு எப்படி?" என்றுதான் உள்ளே வருவார்.

வாண்டுவின் அம்மாவுக்கு மட்டும் அந்தச் சிரிப்பு வரவில்லை. பெயர் வைக்கிற உரிமையைக்கூட நாத்தனாரே எடுத்துக்கொண்டாளே என்று இருந்தது.

எடுத்துக்கொண்டாள் என்று சொல்வது நியாயமில்லை என்று அவளுக்கே தெரியும். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு குழந்தையின் இதயத் தசை பலூன் மாதிரி தளர்ந்துபோய், டாக்டர்கள் இந்தப் பம்பைப் பொருத்தியபோது அவள் நிறைமாதம். குனிய முடியாது, நிற்க முடியாது. புருஷன் சரக்கு வேன் ஓட்டுகிறவர், ஓட்டினால்தான் சம்பளம். அதற்குமேல், பயிற்சியின் முதல் நாளிலேயே கிண்ணத்துக்குள் இரத்தம் சுழல்வதைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் தண்ணி..." என்று சொல்லியபடியே தரையில் உட்கார்ந்துவிட்ட மனுஷர். அவரைப் பிறகு யாரும் கூப்பிடவில்லை.

அப்போதுதான் அவருடைய தங்கை, ஜெராக்ஸ் கடையில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, ஒரு பையோடு வந்து இறங்கினாள். "பேப்பர் சிக்குனா எடுக்கத் தெரியும் அண்ணி, இதுவும் மெஷின்தானே" என்றாள். சொன்ன மாதிரியே செய்தாள். முதல் தடவையிலேயே பரீட்சையில் தேறி, மணிக்கட்டில் பச்சைப் பட்டை கட்டிக்கொண்டாள்.

அந்தப் பச்சைப் பட்டைதான் விஷயமே. மாப்பிள்ளை நின்றுபோனால், காற்றுக் குழாயைக் கழற்றி, கைப்பம்பில் மாட்டி, உதவி வரும்வரை கையாலேயே அழுத்திக் குழந்தையை உயிரோடு வைத்திருக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் அந்தப் பட்டை. பட்டை இருந்தால் குழந்தையையும் இயந்திரத்தையும் வார்டின் கதவைத் தாண்டி, விளையாட்டு அறைக்கோ கண்ணாடி வராந்தாவுக்கோ கூட்டிப் போகலாம். பட்டை இல்லையென்றால், பெற்ற தாயாக இருந்தாலும் கட்டிலோரத்து நாற்காலிதான்.

இன்னொன்றும் உண்டு. பெரிய சிஸ்டர் அதை ஆரம்பத்திலேயே தெளிவாகச் சொல்லியிருந்தார்.

"குழந்தையோட சைசுக்கும் இரத்த வகைக்கும் ஒத்துவர்ற இதயம் எப்ப வேணா வரலாம். வந்துச்சுன்னா உடனே கிளம்பணும். லிஃப்ட்டு சின்னது. கட்டில், மெஷின், நான், பம்புக்காரர், அப்புறம் மயக்க அறை வரைக்கும் வீட்டாளுங்க ஒருத்தர். அந்த ஒருத்தர் பச்சைப் பட்டை கட்டினவங்களா இருக்கணும். வழியில ஏதாவதுன்னா அவங்களும் ஒரு கை குடுக்கணுமில்ல?"

மயக்க அறை என்றால், மூக்கில் மருந்து வைத்துக் குழந்தையைத் தூங்க வைக்கிற இடம். பழைய இதயத்தோடு வாண்டு கடைசியாகக் கண்மூடப்போகிற இடம். மறுபடி கண் திறப்பாளா என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. அந்தக் கடைசி நிமிடத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கப் போவது யார் என்ற கேள்விதான், பிள்ளை பெற்று எழுந்த நாளிலிருந்து இந்தத் தாயை அரித்துத் தின்றுகொண்டிருந்தது.

பிறந்தது ஆண். பொடியன் என்று கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் வாடகைக்கு எடுத்த ஒற்றை அறையும் சமையல் மூலையும்தான் வீடு. காலையில் பொடியனுக்குப் பால் கொடுத்துவிட்டு, கைக்கருவியால் மிச்சப் பாலைக் கறந்து பாட்டிலில் வைத்து, பக்கத்து அறைக்கார அம்மாளிடம் அவனை விட்டுவிட்டு அவள் வார்டுக்கு ஓடுவாள். போய்ச் சேரும்போது வாண்டுவும் அத்தையும் ஏதாவது ஒன்றுக்குக் கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

"என்னடி சிரிப்பு? எனக்கும் சொல்லேன்."

"ஒண்ணுமில்லம்மா. அது எங்களுக்குள்ள."

எங்களுக்குள்ள. ஐந்து வயசுக்கு எங்கிருந்துதான் வருகிறதோ இந்தப் பேச்சு.

நாத்தனார் டார்ச் அடித்துக் கண்ணாடிக் கிண்ணத்தை ஓரம் ஓரமாகப் பார்ப்பாள். உள்ளே வெள்ளை நூல் மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் இரத்தம் கட்டத் தொடங்கியிருக்கிறது என்று அர்த்தம். அது மூளைக்குப் போனால் எல்லாம் முடிந்தது. "கிளீன்" என்பாள். வாண்டுவும் பெரிய மனுஷி மாதிரி, "கிளீன்" என்பாள். ஒரு நாள் அம்மா அந்த டார்ச்சைக் கையில் எடுத்தாள். குழந்தை சட்டென்று கிண்ணத்தை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டது.

"நீ பாக்காதம்மா. உனக்குக் கை நடுங்கும். அத்தை பாக்கட்டும்."

"ஏய், அம்மா பாக்கட்டும்டி, அம்மாதானே" என்று நாத்தனார் அதட்டினாள். அந்த அதட்டல்தான் அதிகம் எரிந்தது. தன் குழந்தையிடம் தனக்காக இன்னொருத்தி சிபாரிசு செய்ய வேண்டியிருக்கிறதே! மார்பில் பால் கட்டி வலித்தது. அந்தப் பாலும் இவளுக்கில்லை, வீட்டில் கிடக்கிறவனுக்கு. டார்ச்சை மேசையில் வைத்துவிட்டு, "வேண்டாம், உங்க கிளீனை நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு பல்லோடு நின்றுவிட்டது.

பரீட்சையில் அவள் முதல் தடவை தோற்றது வயிற்றுப் பாரத்தால். இரண்டாவது தடவை தோற்றது கை நடுக்கத்தால். மூன்றாவது தடவைக்குப் பம்புக்காரர் அவளைப் பயிற்சி அறையில் ரப்பர் பொம்மையின் முன்னால் உட்கார வைத்தார். தலை நரைத்த, சிரிக்கத் தெரிந்த மனிதர். அவள் குழாயைக் கழற்றினாள், மாட்டினாள், அழுத்தத் தொடங்கினாள்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க. ஏன் அழுத்திட்டு அப்படியே பிடிச்சு வச்சுக்கறீங்க?"

"அழுத்தினேனே சார்."

"அழுத்துனீங்க. விட மாட்டேங்கறீங்களே. இழுத்துப் பிடிச்சு, மெதுவா, நிதானமா... யாரு இப்படிச் சொல்லிக் குடுத்தாங்க?"

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கை தானாகப் பழகியது. தினமும் காலையும் மாலையும் பால் கறக்கிற கருவியை அப்படித்தான் அவள் அழுத்துவாள்: அழுத்தி, பால் இறங்கும்வரை பிடித்து, பிறகு மெல்ல விட்டு. கைக்கு ஒரு பிள்ளையின் தாளம் ஏறியிருந்தது. இன்னொரு பிள்ளையின் தாளம் அதில் ஏற மறுத்தது. அதைப் பம்புக்காரரிடம் எப்படிச் சொல்வது? காது சிவந்துபோய்க் குனிந்துகொண்டாள்.

"அழுத்துற நேரம் எவ்வளவோ விடுற நேரமும் அவ்வளவு. விட்டாத்தான் இரத்தம் உள்ள வரும்" என்றார் அவர். "கிட்ட வந்துட்டீங்க. பத்து நாள் கழிச்சு இன்னொரு தரம் பாக்கலாம். அதுவரைக்கும் உங்க நாத்தனார்கிட்ட கேட்டுப் பழகுங்க. அவங்க கை கடிகாரம் மாதிரி."

அவங்க கை கடிகாரம் மாதிரி. அந்த வார்த்தையை அவள் வீடு வரைக்கும் மென்றுகொண்டே போனாள்.

மறுநாள் காலை வார்டு வாசலில் வழக்கமான கேள்வி வந்தது. உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும் சின்ன சிஸ்டர் கேட்பார். கோவில் மணி மாதிரி தினமும் ஒரே ராகம். "வீட்ல யாருக்காச்சும் சளி, இருமல், காய்ச்சல்?" எல்லோரும் "இல்ல, இல்ல" என்று சொல்லிக்கொண்டே கையைக் கழுவப் போய்விடுவார்கள். இந்த வார்டில் ஒரு தும்மல் என்பது கத்திக்குச் சமம். ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்துவிட்டால், அது போகும்வரை இதயம் வந்தாலும் கொடுக்க மாட்டார்கள்.

அவள் கையைக் கழுவப் போகவில்லை. நின்றாள்.

"என் நாத்தனாருக்குத்தான்... ராத்திரி லேசா இருமினா. தொண்டை கரகரன்னு இருக்காம்."

சொன்ன பிறகுதான் சொன்னது தன் காதில் விழுந்தது.

"அய்யோ! நல்லவேளை சொன்னீங்க. சுத்தமா குணமாகிச் சில நாள் ஆகட்டும், அதுவரைக்கும் அவங்க வர வேண்டாம். நீங்களும் அதே வீட்லதானே?"

"இல்ல இல்ல, அவ தள்ளிப் படுத்துக்கறா. முகமூடி வேற போட்டுக்கறா" என்றாள். ஒரு பொய்க்குக் கால் முளைத்தால் அது எவ்வளவு வேகமாக ஓடுகிறது!

வீட்டுக்கு வந்து நாத்தனாரிடம் வேறொன்று சொன்னாள். "வார்டுல கூட்டம் குறைக்கறாங்களாம். இந்த வாரம் பெத்தவங்க மட்டும்தான் வரணும்னு பெரிய சிஸ்டர் சொல்லிட்டாங்க."

நாத்தனாரின் முகம் வாடியது. "வாண்டு என்னைத் தேடுவாளே அண்ணி."

"தேடினா நான் இல்லையா?"

நாத்தனார் ஒரு நொடி அவளையே பார்த்தாள். பிறகு பொடியனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி, இவனையாச்சும் நான் பாத்துக்கறேன். நீங்க நிம்மதியாப் போய்ட்டு வாங்க" என்றாள். சந்தேகமே படவில்லை. சந்தேகப்பட்டிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்படியாக வாண்டு முழுசாக அம்மாவுக்குக் கிடைத்தாள். கிடைத்து என்ன? அம்மாவுக்குப் பட்டை இல்லை. குழந்தை கட்டிலைவிட்டு இறங்க முடியாது. நர்ஸ்களுக்கு நேரம் கிடைத்தால் வராந்தாவுக்குக் கூட்டிப்போனார்கள். மற்ற நேரமெல்லாம் வாண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை எப்ப வருவா?"

"வருவா."

"அத்தை கதை சொல்லும்போது மாப்பிள்ளைக்கும் சேத்துச் சொல்லுவா. நீ எனக்கு மட்டும்தான் சொல்ற."

"மாப்பிள்ளைக்குக் காது கிடையாதுடி."

"உனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுக் குழந்தை சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தது. குழாய் இழுபடாமல் எப்படித் திரும்புவது என்பதையும் அத்தைதான் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

தாய் அந்தச் சின்ன முதுகைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இல்லாதபோதும் இந்த அறை முழுக்க நாத்தனார்தான் நிறைந்திருக்கிறாள் என்று நினைத்தாள். கட்டிலின் கம்பியில் அவள் கட்டிய நாடா, மேசையில் அவள் வரைந்த பூனை, வாண்டுவின் வாயில் அவள் பேசுகிற "கிளீன்". ஒரு ஆளைக் கதவுக்கு வெளியே நிறுத்தலாம், இதையெல்லாம் எங்கே நிறுத்துவது?

புதன்கிழமை மதியம், சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் பெரிய சிஸ்டர் வேகமாக வந்தார். அவர் நடந்து வந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. வாண்டுவின் தட்டில் மிச்சமிருந்ததைக் கையால் மூடி, "போதும்மா, இனிமே எதுவும் சாப்பிடக் கூடாது" என்றார். பிறகு தாயின் பக்கம் திரும்பி மெல்லிய குரலில் சொன்னார்.

"ஒண்ணு வந்திருக்கு. டாக்டர்ங்க பாத்துட்டாங்க. ஒத்துவருது. சாயங்காலத்துக்குள்ள கீழ கொண்டு போகணும்."

தாய் எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். எங்கேயோ ஒரு வீட்டில் இதே மதியம் இன்னொரு தாய் இருப்பாள் என்று ஒரு நொடி தோன்றியது. அந்த நினைப்பை நெஞ்சு தாங்கவில்லை, தள்ளிவிட்டாள். புருஷனுக்குப் போன் போட்டாள். "என்னங்க, வந்துருச்சு" என்பதற்குமேல் பேச்சு வரவில்லை. அந்தப் பக்கம் வேன் ஓரமாக நிற்கிற சத்தமும், ஒரு மனுஷர் வாய்விட்டு அழுகிற சத்தமும் கேட்டது.

பெரிய சிஸ்டர் திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு சங்கடம்.

"பாருங்கம்மா. அத்தைக்குச் சளின்னீங்க. உங்களுக்கு இன்னும் பட்டை வரல. விதி அப்படி இருக்கு, நான் ஒண்ணும் பண்ண முடியாது. மயக்க அறை வரைக்கும் நானே குழந்தை கையைப் பிடிச்சுட்டுப் போறேன். நீங்க லிஃப்ட்டு வரைக்கும் வாங்க. என்ன?"

படுத்திருந்த வாண்டு அதைக் கேட்டுவிட்டாள்.

"அத்தை வரலியா?"

"கண்ணு, சிஸ்டர் வர்றேன்ல..."

"எனக்கு அத்தை வேணும். அத்தை!"

அழுகை ஏற ஏற மாப்பிள்ளை கத்தத் தொடங்கியது. பம்புக்காரர் ஓடி வந்து குமிழைத் திருகினார். தாய் குழந்தையின் தலையைத் தடவி, "அம்மா இருக்கேன்டா, அம்மா இருக்கேன்ல" என்றாள். வாண்டு அவள் கையைத் தட்டிவிடவில்லை. ஆனால் கதவைப் பார்த்துத்தான் அழுதாள்.

அந்த நேரத்தில்கூட அந்தத் தாயின் மனசில் என்ன ஓடியது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். என் பேரைச் சொல்லி அழக்கூடாதா என்று ஓடியது. அதற்கடுத்து அதைவிட மோசமான ஒன்று ஓடியது: இப்படியே விட்டுவிட்டால் என்ன? நான் போக முடியாது, சரி. அவளும் போக வேண்டாம். சிஸ்டர் நல்லவர், கையைப் பிடித்துக்கொள்வார். சளி என்று சொன்னது பொய் என்று ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. பழி என்மேல் இல்லை, விதிமேல். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு சுலபம்!

அப்படியே நின்றாள். பம்புக்காரர் இயந்திரத்தின் ப்ளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய சிஸ்டர் குழந்தைக்கு மாற்றுச் சட்டை பிரித்துக்கொண்டிருந்தார். வாண்டு அழுது அழுது, இப்போது சத்தம் வராமல், உதடு மட்டும் "அத்தை" என்று அசைந்தது. கத்தினால் மாப்பிள்ளைக்கு ஆகாது என்று குழந்தையே அழுகையை விழுங்கிக்கொண்டிருந்தது.

"சிஸ்டர்."

"சொல்லுங்கம்மா."

"அவளுக்குச் சளி இல்ல."

"யாருக்கு?"

"என் நாத்தனாருக்கு. இருமல், தொண்டை ஒண்ணும் இல்ல. நான்தான் பொய் சொன்னேன்."

பிரித்த சட்டை சிஸ்டரின் கையில் அப்படியே நின்றது. பம்புக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மறுபடி ப்ளக்கைப் பார்த்தார். ப்ளக்கில் பார்க்க ஒன்றுமில்லை.

"ஏன்?" என்றார் சிஸ்டர்.

"அவளைக் கூப்பிடவா?" என்று மட்டும் தாய் கேட்டாள்.

"சீக்கிரம் கூப்பிடுங்க."

நாத்தனார் ஓட்டமாக ஓடி வந்தாள். ஒரு காலில் தன் செருப்பு, இன்னொரு காலில் அண்ணனுடைய செருப்பு. தோளில் பொடியன். வார்டு வாசலில் சின்ன சிஸ்டர் அவளை நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லித் தொண்டையில் லைட் அடித்தார், காய்ச்சல் பார்த்தார்.

"தொண்டை வலி இருந்துச்சா?"

"இல்லியே."

"போன வாரம் இருமல்?"

"எனக்கா? நல்லா இருந்தேனே. யாரு சொன்னா?"

சின்ன சிஸ்டர் தாயைப் பார்த்தார். தாய் சொன்னாள், "நான்தான் சொன்னேன்."

நாத்தனாருக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரிந்த அந்த நொடியை அவள் முகத்தில் தாய் கண்ணால் பார்த்தாள். கோபம் வரும், கத்துவாள், நாலு வார்த்தை கேட்பாள் என்று காத்திருந்தாள். கேட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள். நாத்தனார் பொடியனை அவள் கையில் கொடுத்தாள். "இவன் இன்னும் பால் குடிக்கல" என்றாள். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினாள். கழுவிக்கொண்டே, திரும்பாமல், "மத்ததை அப்புறம் பேசிக்கலாம் அண்ணி" என்றாள்.

உள்ளே வாண்டுவின் குரல் கேட்டது. "அத்தை! ஒரு வாரமா எங்க போன?"

"எங்கயும் போகலடி. மாப்பிள்ளைக்கு உம்மேல பாசம் இருக்கான்னு ஒளிஞ்சிருந்து பாத்தேன்."

"இருக்கு."

"இருக்கும், இருக்கும். எங்க, காட்டு பாப்போம்... கிளீன்."

"கிளீன்."

கட்டில் நகர்ந்தது. கட்டிலோடு மாப்பிள்ளை நகர்ந்தது. பம்புக்காரர் ஒரு பக்கம், சிஸ்டர் ஒரு பக்கம், குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நாத்தனார். பொடியனை அணைத்துக்கொண்டு தாய் பின்னாலேயே நடந்தாள். லிஃப்ட்டுக்கு முன்னால் குனிந்து வாண்டுவின் நெற்றியில் முத்தம் கொடுத்தாள், கன்னத்தில் கொடுத்தாள், குழாய் இல்லாத இடமாகப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தாள்.

"நீ வரலியாம்மா?"

கேட்டுவிட்டாள். இத்தனை நாள் கேட்காததை, கதவு திறந்து நிற்கிற நேரத்தில்.

"நான் இங்கயே நிக்கறேன்டா. நீ வந்ததும் முதல்ல என்னைத்தான் பாப்ப."

லிஃப்ட்டு மூடியது. டப், டப் என்கிற சத்தம் கீழே இறங்கி இறங்கித் தேய்ந்துபோனது. அவள் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு கேட்கவில்லை. இந்தச் சத்தத்தை வெறுத்துக்கொண்டிருந்தவள், இப்போது அது இல்லாமல் மூச்சு முட்டுவதுபோல் சுவரில் சாய்ந்தாள். பொடியன் பசியில் அழ ஆரம்பித்தான். காத்திருப்பு அறையின் மூலையில் உட்கார்ந்து அவனுக்குப் பால் கொடுத்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது எதற்கு என்று கேட்டிருந்தால் அவளால் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது. பயத்துக்குப் பாதி, பொறாமைக்குப் பாதி.

கொஞ்ச நேரத்தில் நாத்தனார் படியேறி வந்தாள். முகமூடியைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"தூங்கிட்டா" என்றாள்.

"அழுதாளா?"

"இல்ல."

"பயந்தாளா?"

"இல்ல."

"ஏதாவது சொன்னாளா? தூங்கறதுக்கு முன்னாடி?"

நாத்தனார் கையிலிருந்த முகமூடியைக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

"சொல்லும்மா. என்ன சொன்னா?"

"சொன்னா."

"என்ன?"

நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள். முன்பு வாசலில் வராத கோபம் இப்போது வந்திருந்தது. சத்தமில்லாமல், ஆறிப்போய், கெட்டியாக.

"உங்களுக்குச் சொல்ல மாட்டேன் அண்ணி. உங்க பிள்ளை, உங்க வீடு, எல்லாம் உங்களோடது. நான் எதையும் எடுத்துக்கல, எடுத்துக்கவும் வரல. வேலையை விட்டுட்டு வந்தவளை, ஒரு வாரம் கதவுக்கு வெளிய நிறுத்திட்டீங்க. அவ என்னைத் தேடி அழுதது எனக்குத் தெரியாமப் போச்சு. அந்த ஒரு வாரத்தை நீங்க எடுத்துக்கிட்டீங்க. இந்த ஒண்ண நான் வச்சுக்கறேன்."

"நான் அவளோட அம்மா."

"தெரியும். அதனாலதான் உங்களை யாருகிட்டயும் விட்டுக் குடுக்கல. அண்ணன்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அண்ணன் அப்போதுதான் மூச்சு வாங்க உள்ளே வந்தார். "என்ன ஆச்சு? ரெண்டு பேரும் ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க? நல்லாத்தானே போச்சு?" என்று மாறி மாறிப் பார்த்தார். "நல்லாத்தான்ணா போச்சு" என்றாள் தங்கை. எழுந்து அவருக்குத் தண்ணீர் பிடிக்கப் போனாள்.

ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கி, விளக்குகள் போடப்பட்டு, வெகுநேரம் கழித்துத்தான் அறுவை டாக்டர் வந்தார். தொப்பியின் அடையாளம் நெற்றியில் பதிந்திருந்தது. "உள்ள வச்சுட்டோம். அதுவா அடிக்க ஆரம்பிச்சுருச்சு. இனிமே ஒவ்வொரு நாளாப் பாக்கலாம்" என்றார். அப்பா டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. தாயும் நாத்தனாரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள், ஒருவரையொருவர் தொடவில்லை. நடுவில் பொடியன் இருந்தான். அவனை ஒருத்தியிடமிருந்து இன்னொருத்தி வாங்கிக்கொண்டாள்.

வாண்டு பிழைத்தாள். மெல்ல, ஒவ்வொரு நாளாகப் பிழைத்தாள். நெஞ்சில் நீளத் தழும்போடு, முகத்தில் மருந்தால் வந்த உப்பலோடு, இப்போது பின்தெரு வீட்டில் கட்டில்மேல் குதித்துத் திட்டு வாங்குகிறாள். நாத்தனார் அடுத்த மாதம் மறுபடி ஜெராக்ஸ் கடைக்குப் போகப்போகிறாள். வீட்டில் சண்டை இல்லை. "அண்ணி, உப்பு எங்க?", "அந்த டப்பாவுல பாரும்மா", "பொடியன் முழிச்சுட்டான்" என்று பேச்சு ஓடுகிறது. அதற்கு அடியில் அந்த ஒன்று ஓடிக்கொண்டேதான் இருக்கிறது.

ஒரு நாள் காலை, தலை பின்னிவிட்டுக்கொண்டே, தாய் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள்.

"வாண்டு, அன்னிக்குக் கீழ கூட்டிட்டுப் போனாங்கல்ல? தூங்கறதுக்கு முன்னாடி அத்தைகிட்ட ஏதோ சொன்னியாமே. என்னடி சொன்ன?"

"எப்போ?"

"புது இதயம் வச்சாங்களே, அன்னிக்கு."

குழந்தை யோசித்தது. உதட்டைப் பிதுக்கி, நெற்றியைச் சுருக்கி, நிஜமாகவே யோசித்தது.

"ஞாபகமே இல்லம்மா. லிஃப்ட்டு ஞாபகம் இருக்கு. அப்புறம் ஒண்ணும் இல்ல."

சீப்பு பாதிக் கூந்தலில் நின்றது. இனி இந்த உலகத்தில் அது ஒரே ஒருத்தியிடம்தான் இருக்கிறது.

தாய் திரும்பிப் பார்த்தாள். ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்த நாத்தனார் தலை நிமிரவில்லை. மடித்து முடித்திருந்த வாண்டுவின் சின்னச் சட்டையைப் பிரித்து, உதறி, முதலிலிருந்து மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.